யார் குனிவது?

பல் மருத்துவரின் நாற்காலியில் மல்லாந்து கிடப்பவருக்கு உலகம் மிகச் சிறியது. மேலே ஒரு விளக்கு. விளக்குக்குக் கீழே ஒரு முகக்கவசம். அதற்கு மேலே இரண்டு கண்கள். வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பதால் பேச வழியில்லை. நாள் முழுதும் வகுப்பில் பேசிப் பிழைக்கும் என் போன்ற ஒருத்திக்கு அது கட்டாயமாகக் கிடைத்த கவனிக்கும் நேரம்.

மேல் இடப்புற முன்கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு நான்கு முறை போனேன். எனக்கு வைத்தியம் பார்த்தவர் ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஓர் இளம்பெண். இருபத்துமூன்று வயதிருக்கும். மென்மையான கை. ஊசி போடும் முன்பு, "மேடம், சின்னதா சுருக்குன்னு இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போடுவார்.

இரண்டாம் முறை போனபோதுதான் அவருடைய கழுத்தைக் கவனித்தேன். என் மேல்வரிசைப் பல்லைப் பார்ப்பதற்காகத் தலையைக் கவிழ்த்து, ஒரு பக்கம் சாய்த்து, வலத்தோளைக் காதுவரை தூக்கி, இடுப்பை முறுக்கி, ஏறக்குறைய என் வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே இருபது நிமிடம். நான் சௌகரியமாகப் படுத்திருந்தேன். அந்த வழியாகப் போன பேராசிரியை ஒருவர் அவருடைய முதுகில் இலேசாகத் தட்டி, "நேரா உக்காரும்மா" என்றார். நிமிர்ந்தார். இரண்டு நிமிடத்தில் மறுபடி வளைந்துவிட்டார்.

வாய் கொப்பளிக்க எழுந்தபோது கேட்டேன்: "கழுத்து வலிக்கலையா?"

"வலிக்கும் மேடம். ஹாஸ்டல்ல எல்லாருக்குந்தான் வலிக்கும். பழகிடும்."

"என் தலையைத் திருப்பச் சொல்லியிருக்கலாமே?"

அவர் தயங்கினார். "நீங்க பெரியவங்க. உங்களைப் போய் அப்படித் திரும்புங்க, இப்படித் திரும்புங்கன்னு எப்படி மேடம் சொல்றது?"

'பழகிடும்' என்ற அந்த ஒற்றைச் சொல்லும், 'எப்படிச் சொல்றது' என்ற அந்தத் தயக்கமும் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. இரண்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. என் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தவை. நானும் என் மாணவிகளுக்குத் தெரிந்தோ தெரியாமலோ கொடுத்துக்கொண்டிருப்பவை.

*

சரியாக உட்காருவது எப்படி என்பதில் பல் மருத்துவத்துக்குக் குழப்பம் எதுவும் இல்லை. பாதங்கள் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கால்கள் விலகியிருக்க வேண்டும். தோள்கள் தளர்ந்தும், முழங்கைகள் விலாவை ஒட்டியும் இருக்க வேண்டும். நோயாளியின் வாய் மருத்துவரின் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். கண்ணுக்கும் பல்லுக்கும் இடையே 35 முதல் 40 சென்டிமீட்டர். தலை 20, 25 டிகிரிக்கு மேல் கவிழக் கூடாது. நோயாளியின் தலையை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொண்டு, எந்தப் பல்லுக்கு எட்டு மணி, எதற்குப் பன்னிரண்டு மணி என்று இடம் மாறி உட்கார வேண்டும். மேல்வரிசைப் பல்லை எட்டிப் பார்க்கக் கூடாது, சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்து அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே வேலை செய்ய வேண்டும்.

காரணம் எளிமையானது. மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. தலை நேராக இருக்கும்வரை கழுத்து சுமப்பதும் அவ்வளவுதான். 30 டிகிரி கவிழ்ந்தால் கழுத்தின் மீது ஏறும் சுமை சுமார் 18 கிலோ ஆகிவிடும் என்று 2014இல் அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டுக் காட்டினார். அசையாமல் அப்படியே இருந்தால் இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டமும் குறைகிறது. பல் மருத்துவர்களில் 64 முதல் 93 விழுக்காடு பேருக்குத் தசை, எலும்பு சார்ந்த வலி இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2009இல் சொன்னது. நெடுங்காலம் நின்றுகொண்டே வேலை பார்த்த தொழில் இது. 1958இல் முழுதாகச் சாயும் நாற்காலி அறிமுகமான பிறகு மருத்துவர் உட்கார்ந்தார். காலுக்கு ஓய்வு கிடைத்தது. கழுத்துக்குக் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் பல் மருத்துவப் படிப்பு நான்கு ஆண்டுகளும், ஓராண்டுப் பயிற்சியும் கொண்டது. முதல் இரண்டாண்டுகளில் உயிருள்ள வாயை மாணவிகள் தொடுவதில்லை. மெழுகில் பல் செதுக்குவார்கள். கம்பியில் மாட்டிய பொம்மைத் தலையில் துளையிட்டு அடைக்கப் பழகுவார்கள். மூன்றாம் ஆண்டில்தான் நோயாளி வந்து உட்காருகிறார். சிக்கல் அங்கே தொடங்குகிறது. பொம்மைத் தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம். அதற்கு வயது இல்லை, சாதி இல்லை, மீசை இல்லை. "இன்னாம்மா, எவ்ளோ நேரம்?" என்று அது கேட்காது. உயிருள்ள தலை வந்ததும், திருப்ப வேண்டியது தலையா தன் முதுகா என்ற கேள்வி எழுகிறது. கேள்வி எழுந்ததே தெரியாமல் முதுகு அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது.

இதனால்தான் பேராசிரியை முதுகில் தட்டியது இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. நேராக உட்காரத் தெரியாதவர் அல்ல அந்தப் பெண். தேர்வில் எழுதச் சொன்னால் படம் போட்டு எழுதுவார். அறிவுக் குறைவாக இருந்தால் சொல்லிக் கொடுத்துவிடலாம். இது வேறு. அடுத்தவரை ஓர் அங்குலம் நகரச் சொல்லும் உரிமை தனக்கு உண்டா என்பதில் அவருக்கு இருந்த ஐயம்.

*

'குனிஞ்ச தலை நிமிராத பொண்ணு' என்பது நம் ஊரில் நற்சான்றிதழ். பெண் பார்க்க வருகிறவர்களிடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லும் முதல் வாக்கியம். வாசல் பெருக்கக் குனிகிறோம். கோலம் போடக் குனிகிறோம். தென்னந்துடைப்பத்துக்கு நீளமான கைப்பிடி கட்ட ஒரு மூங்கில் குச்சி போதும். ஆனாலும் எத்தனை வீடுகளில் அது கட்டப்பட்டிருக்கிறது? குனிந்து பெருக்கினால்தான் சுத்தமாக இருக்கும் என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல் 'பெண்பிள்ளைபோல எறிவது' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். சிறுமிகள் பந்தெறியும்போது கையை மட்டும் அசைக்கிறார்கள், பையன்கள் முழு உடலையும் சேர்த்து எறிகிறார்கள் என்ற பழைய கவனிப்பிலிருந்து தொடங்குகிறது அது. காரணம் எலும்பிலோ தசையிலோ இல்லை என்கிறார் யங். தன்னைச் சுற்றியுள்ள இடம் தன்னுடையது என்று பெண் நம்புவதில்லை. உடம்பை ஒரு சிறு வட்டத்துக்குள் ஒடுக்கி வைத்துக்கொண்டே வேலை செய்யப் பழகுகிறாள். இடம் இருந்தும் எடுத்துக்கொள்வதில்லை. பேருந்தில் மூன்று பேர் இருக்கையின் ஓரத்தில் பாதி உடம்போடு கடலூரிலிருந்து சிதம்பரம்வரை போயிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது பல் மருத்துவம் கேட்பதைப் பாருங்கள். முழங்கால்களை விலக்கி உட்கார். பன்னிரண்டு மணி இடத்தில் நோயாளியின் தலை உன் மடிக்கு அருகே வரும், கூசாதே. நாற்காலியின் பிடரிப் பலகைக்கு இருபுறமும் கால்களை நீட்டு. இருபது ஆண்டுகளாக 'காலை ஒடுக்கி உக்காருடி' என்று கேட்டு வளர்ந்த பெண் உடம்பிடம் இதைச் சொல்கிறார்கள். அவள் என்ன செய்கிறாள்? முழங்கால்களைச் சேர்த்து, நாற்காலிக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, இடுப்புக்கு மேலே மட்டும் உடம்பை முறுக்கி வாய்க்குள் எட்டிப் பார்க்கிறாள். தண்டுவடத்துக்கு இதைவிடக் கெடுதலான நிலை அரிது. வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தாலும் அது அம்மா சொன்ன ஒடுக்கம்தான்.

சிதம்பரத்தில் இதை யோசிக்கும்போது காளி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. தில்லையில் சிவனும் காளியும் ஆடிய போட்டி நடனத்தின் கதை இந்த ஊருக்கே உரியது. இருவரும் சரிக்குச் சரியாக ஆடுகிறார்கள். முடிவில் சிவன் ஒரு காலை நேர்மேலாகத் தூக்குகிறார். பெண் என்ற நாணத்தால் காளி தூக்கவில்லை. தோற்றாள் என்று தீர்ப்பு. ஊரின் எல்லைக்குப் போய் அமர்ந்தாள். அங்கே இன்றும் அவளுக்குக் கோயில் இருக்கிறது. கவனியுங்கள்: காளிக்குக் கால் தூக்கத் தெரியாது என்று கதை சொல்லவில்லை. தெரிந்ததைச் செய்ய முடியாதபடி ஒரு விதி இருந்தது. போட்டியின் விதியை எழுதியவர்களே நாணத்தின் விதியையும் எழுதியிருந்தார்கள். அதே ஊரில், நடராசர் கோயில் கோபுர வாயில்களின் சுவர்களில் நாட்டிய சாஸ்திரத்தின் 108 கரணங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை ஆடிக் காட்டுபவள் ஒரு பெண். முழங்கால்கள் விரிந்து, முதுகு நிமிர்ந்து, எங்கே எடை விழ வேண்டுமோ அங்கே விழுமாறு நிற்கிறாள். கல்லில் இருப்பவளுக்குக் கிடைத்த இடம் கதையில் இருப்பவளுக்குக் கிடைக்கவில்லை. நம் பெண்கள் கல்லைக் கடந்து போகிறார்கள், கதையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

*

இங்கே இரண்டு மறுப்புகள் வரும். வர வேண்டும்.

முதலாவது: பையன்களும்தான் குனிகிறார்கள், அவர்களுக்கும்தான் வலிக்கிறது. இதில் பெண்ணியம் எங்கே வந்தது? உண்மை. கழுத்து வலி ஆண், பெண் பார்த்து வருவதில்லை. ஆனால் குனிவுக்கு நாம் வைக்கும் பெயர் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பையன் வளைந்து உட்கார்ந்தால் அது தொழில் தெரியாத குறை, திருத்த வேண்டியது. பெண் வளைந்து உட்கார்ந்தால் அது பொறுமை, அக்கறை, 'என்ன பாசமா பாக்குது பொண்ணு'. குறை என்று பெயர் பெற்றதைத் திருத்திக்கொள்ளலாம். நற்குணம் என்று பெயர் பெற்றதை எப்படித் திருத்துவது? அதைக் கைவிட்டால் தான் கெட்டவளாகிவிடுவோமோ என்ற பயம் வருகிறது. இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளின் வகுப்பறைகளில் இன்று பெண்களே மிகுதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் இது ஓரத்துக் கேள்வி அல்ல.

இரண்டாவது மறுப்பு கனமானது. நாற்காலியில் இருப்பவர் வலியோடு வந்தவர். அவருடைய வலிக்கு முன்னால் மருத்துவரின் சௌகரியம் பெரிதா? சேவை என்றால் கொஞ்சம் தன்னை வருத்திக்கொள்வதுதானே?

தமிழாசிரியையாக எனக்கு இந்த இடத்தில் ஒரு சொல் குறுக்கே நிற்கிறது. 'பணி' என்றால் வேலை. 'பணி' என்றாலே வணங்கு, தாழ்ந்து போ என்றும் பொருள். பணிவிடை, பணிப்பெண், பணிந்து போ, பணிக்குப் போ: ஒரே ஒலிக்குள் உழைப்பும் தாழ்வும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. வேலை செய்கிறவர் தாழ்ந்துதான் இருக்க வேண்டும் என்று மொழியே சொல்லிவிட்டது போல. பணிவு நல்ல குணம், மறுக்கவில்லை. அது மனத்தின் நிலை. முதுகெலும்பின் நிலையாக அதை மாற்றிக்கொண்டதில்தான் பிழை இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தபடி பணிவாக இருக்க முடியும். வளைந்து கிடந்தபடி மனத்துக்குள் வெறுப்பை வளர்க்கவும் முடியும்.

காரல் கில்லிகன் 1982இல் வெளியிட்ட 'வேறொரு குரலில்' என்ற நூலில், அக்கறை என்னும் அறம் பெண்களிடம் வளரும் விதத்தைப் பேசுகிறார். தன்னை மட்டும் பார்த்துக்கொள்வது ஒரு கட்டம். தன்னை அழித்து அடுத்தவரைப் பார்ப்பதே நல்லது என்று நம்புவது அடுத்த கட்டம். பெரும்பாலான பெண்களை உலகம் அங்கேயே நிறுத்திவைத்துப் பாராட்டுகிறது. ஆனால் அதற்கப்பால் ஒரு கட்டம் உண்டு: தான் அக்கறை காட்ட வேண்டியவர்களின் வரிசையில் தானும் ஓர் ஆள் என்று உணர்வது. இது சுயநலத்துக்குத் திரும்பிப் போவது அல்ல. நாற்காலியில் இருப்பவருக்கு வலி தெரியும் என்றால், ஸ்டூலில் இருப்பவருக்கும் வலி தெரியும் என்ற எளிய நேர்மை.

கணக்காகவும் பார்க்கலாம். நான் தலையை இரண்டு விரற்கடை திருப்புவதால் எனக்கு ஆகும் இழப்பு ஒன்றுமில்லை. நான் திருப்பாததால் அந்தப் பெண் தாங்கியது இருபது நிமிடம். அவர் இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருப்பார். ஒரு நாளுக்கு எத்தனை தலைகள்? கேட்காமல் விட்ட ஒவ்வொரு இரண்டு விரற்கடையும் அவருடைய கழுத்தில் போய்ச் சேர்கிறது. நாற்பது வயதில் கை மரத்துப்போய்த் தொழிலை விட்டுவிட்டால், அதற்குப் பிறகு வரவிருந்த நோயாளிகளுக்கும் அது இழப்புதான். அதோடு, எட்டிப் பார்க்கும் கண்ணைவிடக் கண்ணாடியில் பார்க்கும் கண்ணும், இறுகிய தோளைவிடத் தளர்ந்த தோளும் நல்ல வேலை செய்கின்றன. தன்னை வருத்திக்கொண்டதால் என் பல்லுக்கு அவர் கூடுதலாக எதையும் தரவில்லை.

*

இவ்வளவு எழுதியபின் என்னை நானே நிறுத்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. என்னிடம் 'திரும்புங்க' என்று சொல்லத் தயங்கிய அதே வரிசையில், பக்கத்து நாற்காலிகளில் கைலி கட்டிய ஆணிடமும் ரவிக்கையில் பின்னூசி குத்திய பாட்டியிடமும், "ஏம்மா, வாயை நல்லாத் தொற, ஆட்டாத" என்று அதட்டும் குரல்கள் கேட்டன. அப்படியென்றால் தயக்கம் எல்லோரிடமும் இல்லை. படித்தவரிடம், பதவியில் இருப்பவரிடம், மீசை முறுக்கியவரிடம் குனிகிற முதுகு, ஏழையிடம் தானாக நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்வது என்றால் இதுதான் என்றால் அந்த நிமிர்வு எனக்கு வேண்டாம். குட்டக் குட்டக் குனிந்தவள், குட்டுவதற்கு இன்னொரு தலை கிடைத்ததும் நிமிர்வது விடுதலை ஆகாது.

அந்தப் பாட்டி யார்? கடலூர் மாவட்டத்தில் அரசுப் பல் மருத்துவமனைக்கு வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். வீராணம் பாசனத்தில் நாற்று நட்டவர்கள். பண்ருட்டிப் பக்கம் நாளெல்லாம் குந்தி உட்கார்ந்து முந்திரி உடைத்தவர்கள். கடலூர் முதுநகரில் மீன்கூடை சுமந்தவர்கள். எந்தக் கல்லூரியும் அவர்களுக்கு இருப்புநிலை பற்றிப் பாடம் எடுத்ததில்லை. வரப்பில் நின்றவரின் குரல்தான் அவர்களுக்குப் பாடம். வேலை செய்கிறவரைப் பற்றிய அக்கறை மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1700இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ராமசினி தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் மருத்துவச்சிகளும் துணி வெளுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு 'உன் தொழில் என்ன?' என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். இன்று பல் மருத்துவ மாணவிகளின் உட்காரும் நிலையை அளக்க ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'ரூலா' என்ற அளவுமுறை, 1993இல் பிரிட்டனில் வெளியானது. அதை உருவாக்கிய மெக்காட்டம்னியும் கார்லெட்டும் முதலில் அளந்தது ஆடைத் தொழிலாளர்களின் கழுத்தையும் கையையும். டாக்டரம்மாவின் கழுத்துக்குக் கிடைத்திருக்கும் அந்த அளவுகோல் தையல் எந்திரத்தின் முன் குனிந்தவரின் கழுத்திலிருந்து வந்தது.

யார் குனிவது என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். கலிபோர்னியாவில் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்களுக்குக் குட்டைக் கைப்பிடி மண்வெட்டி கொடுக்கப்பட்டது. நீளமான கைப்பிடி செய்யத் தெரியாமல் அல்ல. எல்லோரும் குனிந்திருந்தால், நிமிர்ந்தவர் யார் என்று மேற்பார்வையாளருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். தொழிலாளர்கள் வழக்கு நடத்தி 1975இல் அதைத் தடை செய்ய வைத்தார்கள். கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் உட்கார அனுமதியின்றி நாள் முழுதும் நின்றார்கள். விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் பல ஆண்டுகள் போராடிய பின், 2018இல் கேரளம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழ்நாடும் தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டசபை தேவைப்பட்டது. உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பது தனிப்பட்ட பழக்கம் என்று இனியும் யாராவது சொன்னால், இந்தச் சட்டங்களை அவர்களிடம் காட்டலாம்.

கேட்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. அண்ணாமலை நகரில் 1980இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும் அதன் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியும், பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு ஏற்ற பின்னும் தனியார் கல்லூரிக் கட்டணத்தையே வசூலித்தன. அரசுக் கட்டணம் கேட்டு 2020 டிசம்பரில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2021 தொடக்கத்தில் அரசு அக்கல்லூரிகளைச் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்தது. அரசிடம் கூட்டாகக் கேட்கத் தெரிந்த தலைமுறைக்கு, ஒற்றை நோயாளியிடம் தனியாகக் கேட்பது ஏன் கடினமாக இருக்கிறது? கூட்டத்தில் கேட்டால் உரிமை. தனியாக, ஒரு பெரியவரின் முகத்துக்கு அருகே, ஒரு பெண் கேட்டால் அது திமிர் ஆகிவிடுமோ என்ற பயம்.

*

நான்காம் முறை போனபோது பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டி. நடவு வேலை செய்தவர் என்பது பிறகு பேசும்போது தெரிந்தது. முதுகு வில்லாக வளைந்திருந்தது. நாற்காலியைச் சாய்த்ததும் கையை ஆட்டி, "படுத்தா மூச்சு முட்டுது கண்ணு" என்றார். எனக்கு மருந்து வைத்துக் காத்திருக்கச் சொல்லியிருந்த நம் ஹவுஸ் சர்ஜன் பெண்தான் அங்கே போனார். நாற்காலியைப் பாதிதான் சாய்த்தார். பாட்டியின் பிடரிக்குப் பின்னால் துண்டை மடித்து வைத்தார். ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றுகொண்டார். "பாட்டி, என்னைப் பாத்த மாதிரி கொஞ்சம் திரும்புறீங்களா? வலிச்சா கையத் தூக்குங்க, நிறுத்திடறேன்." பாட்டி திரும்பினார். ஓரளவுக்குத்தான் திரும்ப முடிந்தது. மீதிக்கு இந்தப் பெண் குனிந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தோளை உருட்டிக்கொண்டு, மறுபடி குனிந்தார்.

வேலை முடிந்ததும் பாட்டி கேட்டார், "ஏன் கண்ணு, ஒனக்கு முதுவு வலிக்கல?"

என்னைவிட நன்றாகக் கேட்டார். முதுகு வலி என்னவென்று தெரிந்தவர் கேட்டது.

அங்கே பார்த்ததும் குனிவுதான். ஆனால் எனக்காக அவர் குனிந்த குனிவு அல்ல. திரும்ப முடிந்த எனக்காகக் கேட்காமலே குனிந்தது பழக்கம். திரும்ப முடியாத பாட்டிக்காக, கேட்டுப் பார்த்து, முடியாது என்று தெரிந்து, எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்துக் குனிந்தது முடிவு. 'குனியவே கூடாது' என்று எந்தப் பெண்ணுக்கும் நான் சொல்ல மாட்டேன். குழந்தையைத் தூக்கக் குனிவோம், விழுந்தவரைத் தூக்கக் குனிவோம். நம் குனிவு நாம் எடுத்த முடிவாக இருக்கட்டும் என்பதே நான் கேட்பது. முடிவாக எடுத்த குனிவிலிருந்து நிமிர முடியும். பழக்கமாகிவிட்ட குனிவில், குனிந்திருக்கிறோம் என்பதே மறந்துபோகும். 'பழகிடும்' என்ற ஆறுதலின் முழுப் பொருள் அந்த மறதிதான்.

கேட்பதற்கும் அதட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் அன்று அவர் பாட்டியிடம் பேசிய இரண்டு வாக்கியத்தில் கேட்டேன். திரும்புறீங்களா என்று கேட்டார். வலித்தால் நிறுத்தும் அதிகாரத்தைப் பாட்டியின் கையில் கொடுத்தார். நிமிர்ந்து நின்று பேசிய அந்தக் குரலில் திமிர் இல்லை, குழைவும் இல்லை.

பிறகு என்னிடம் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைக் கையில் எடுத்தவர் ஒரு கணம் நிறுத்தினார்.

"மேடம், உங்க வலப்பக்கமா கொஞ்சம் திரும்புங்க. மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க."

திரும்பினேன். இரண்டு விரற்கடைதான்.